சொல்லாமல் விட்ட மூன்று மாதம்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் கண்ணெல்லாம் மண். குடையை விரித்தது என் புத்திசாலித்தனம். இரண்டு கம்பி போச்சு.

ஆஸ்பத்திரியில் என் குடும்ப நல ஆலோசனை அறைக்கு இன்று வந்தவர்கள் 14. காப்பர் டி 3, மூன்று மாத ஊசி 2, மாத்திரை 2. "வீட்டுல கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனவர்கள் 7. ஆண்கள் வழக்கம்போல 0.

புளியங்கொட்டை டப்பாவின் மூடி உடைந்துவிட்டது. வேறு டப்பா பார்க்க வேண்டும். அது இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. நூறு கொட்டையை மேஜையில் பரப்பி, "இது நூறு பொம்பளைங்க. ஒரு வருஷத்துல இதுல எத்தனை பேரு உண்டாவாங்கன்னு பாருங்க" என்று ஆரம்பிப்பேன். "எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிருவாரு" என்கிறவளுக்கு இருபது கொட்டையைத் தள்ளிக் காட்டுவேன். முகம் மாறும். ஆணுறைக்குப் பதின்மூன்று. மாத்திரைக்கு ஏழு, ஒரு நாளும் மறக்காமல் போட்டால் ஒன்றுகூட இராது. ஊசிக்கு நான்கு. காப்பர் டி-க்கு ஒன்று, அதையும் முழுசாகத் தள்ள மாட்டேன். எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையின் கணக்குதான். அட்டையை யாரும் பார்ப்பதில்லை, கொட்டையைப் பார்க்கிறார்கள்.

என் முறைக்கு ஒரு கொட்டையும் நகராது. ஒன்பது வருஷமாகத் தனி வீடு, ஒற்றைத் தலையணை. நூற்றுக்கு நூறு. அட்டையில் சேர்க்கச் சொல்லலாம்.

ஆயா வேலை பார்க்கும் சரசு மத்தியானம் கேட்டாள்: "ஆடி மாசம் புதுப்பொண்ணுகள ஆத்தா வீட்டுக்குப் பிரிச்சு அனுப்பிர்றாகள்ல மேடம், அதுக்கு எத்தன கொட்ட?" சிரித்தேன். இன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால் மூன்று மணிக்கு அவள் வந்தாள். ஒல்லி, கையில் ஸ்கேன் கவர், கூட யாருமில்லை.

"என்னையத் தெரியுதா மேடம்? பாண்டி சம்சாரம். மார்ச் மாசம் இங்க ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டாகள்ல, லோடு வண்டி ஓட்டுறவுக."

தெரியாமலா. இந்த வருஷம் இதுவரை ஆண் கருத்தடை செய்துகொண்ட ஒரே மனிதர். இவள் முத்துலட்சுமி (இனி மு.). இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் சிசேரியன், ரத்தம் எப்போதும் குறைவு. காப்பர் டி போட்டாள். உதிரப்போக்கு நிற்காமல் எட்டாம் மாதம் எடுத்தாகிவிட்டது. மாத்திரை போட்டாள்; மண்டையைப் பிளக்கும் தலைவலி. அதற்குப் பிறகுதான் பாண்டி தானே வந்து, "நானே பண்ணிக்கிறேன் மேடம். இவ எம்புட்டுத்தான் தாங்குவா?" என்றார். அன்று வீட்டுக்குப் போய் எனக்கே எனக்கென்று கேசரி கிண்டினேன்.

ஸ்கேன் கணக்குப்படி இன்றைக்குப் பதினாறு வாரம் நான்கு நாள்.

"தள்ளிப்போனப்ப ரத்தம் கம்மினாலன்னு நெனச்சேன். அதான் ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சேன்னு. வாந்தி எடுக்கவும் அத்தைதான் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனாக. அன்னையிலேருந்து யாரும் என்கூடப் பேசல மேடம். இவுக மூணு நாளா வண்டியிலயே படுத்துக்கிறாக. சத்தியமா மேடம், நான்..."

என்னிடம் எதற்குச் சத்தியம். எனக்குக் காரணம் தெரியும். வாய்வரை வந்தது. சொன்னது வேறு: "அவரையும் கூட்டிட்டு வாங்க. டாக்டரம்மாகிட்டப் பேசுவோம்."

இரவுக்கு ஒரு தோசை. இரண்டாவதை ஊற்றிவிட்டுத் தின்னப் பிடிக்கவில்லை.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதி வைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

மார்ச் 12. முகாம் நாள். காலையில் பாண்டியின் அம்மா பேச்சியம்மாள் எப்படியோ தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வராந்தாவில் நின்று, "எம் மகன அறுத்துப்புடாதீக, அவன் வாழ வேண்டிய பய" என்று ஒரே கூப்பாடு. பாண்டி அம்மாவை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கால் மணி நேர வேலை. தையல்கூடக் கிடையாது. வெளியே வந்தபோது அம்மா பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார், ஒரு அடி நகரவில்லை.

நான் சொல்ல வேண்டியது இதுதான். ஆப்பரேஷன் செய்த அன்றே முடிந்துவிடாது. குழாயில் ஏற்கெனவே தங்கியிருப்பது வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போட வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அதில் எதுவும் இல்லை என்று வந்தால்தான் ஆப்பரேஷன் முடிந்த கணக்கு.

இதை ஒரு ஆம்பளையிடம், அவர் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? பெண்களிடம் நாள் முழுக்க எதை வேண்டுமானாலும் பேசுவேன். அன்று நாக்கு எழவில்லை. ஆணுறைகளையும் விவரம் அச்சடித்த கார்டையும் செய்தித்தாளில் சுற்றி, "இதை வீட்டுல போய்ப் பிரிச்சுப் பாருங்க" என்று கையில் திணித்தேன். அவருக்கும் காது சிவந்துவிட்டது. "சரிங்க மேடம்" என்றார்.

பதிவேட்டில் "மூன்று மாத எச்சரிக்கை சொல்லப்பட்டது" என்று ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டேன்.

மறுநாள் பெருக்கும்போது சரசு அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து கொடுத்தாள். பெஞ்சுக்கு அடியில் கிடந்ததாம். அம்மா முன்னால் அதைக் கையில் வைத்திருக்கக் கூசி அப்படியே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். போன் போட எண்ணைத் தேடினால், பதிவேட்டில் இருப்பது அவருடைய அண்ணன் தவமணியின் எண். அண்ணனிடம் என்னவென்று சொல்வது? அடுத்த வாரம் எப்படியும் காட்ட வருவார், சொல்லிக்கொள்ளலாம் என்று மேஜை டிராயரில் போட்டேன். அவர் வரவே இல்லை. நானும் மறந்தேன். மறந்தேன் என்பது பொய். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பேனாவை எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

ஆப்பரேஷன் முடிந்து ஆறாவது வாரம் உண்டாகியிருக்கிறாள். ஸ்கேன் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. முழுக்க என் மேல்.


ஆகஸ்ட் 6, புதன்

வந்தார்கள். பாண்டி, அண்ணன் தவமணி, மு. மூவரும் ஒரே பெஞ்சில், நடுவில் அண்ணன்.

டாக்டரம்மா விந்துப் பரிசோதனைக்கு எழுதினார். லேப்பில் கொடுத்த சின்ன டப்பாவைப் பாண்டி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு போனார். மு. என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த கொட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கப் பார்த்தாள். நிற்கவில்லை.

"அதுல என்னமாச்சும் இருக்குன்னு வந்துட்டா என்னைய நம்பிருவாகள்ல மேடம்?"

"ம்" என்றேன். ஐந்து மாதம் ஆகிறது. இனி இருக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் கை தேர்ந்துவிட்டேன்.

அந்த டப்பாவைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. அதே மாதிரி ஒரு டப்பாவை நானும் ஒரு காலத்தில் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாணமாகி நான்காவது வருஷம். எனக்கு எடுத்தவை: ஸ்கேன் 5, குழாய் டெஸ்ட் 1, ரத்தம் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவருக்கு: 0. "எனக்கு எதுக்கு? எங்க குடும்பத்துல யாருக்கும் குறை கிடையாது." டப்பா ஹேண்ட்பேக்கிலேயே கிடந்து விரிசல் விட்டது. ஆறாவது வருஷம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். திண்டுக்கல்லில் இருக்கிறார். அங்கும் இதுவரை குழந்தை இல்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வாங்க வேண்டியது: சமையல் சோடா, குடைக் கம்பி, டப்பா.


ஆகஸ்ட் 7, வியாழன்

ரிசல்ட் சைபர்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார்: "இப்போ இல்லை. ஆனா ஆப்பரேஷன் முடிஞ்சு மூணு மாசம் வரைக்கும் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்துலதான் உண்டாகியிருக்கு. இது சகஜம்."

தவமணி விடவில்லை. "அப்ப அதை அன்னைக்கே சொல்லிருப்பீகள்ல?"

"சொன்னோம். பதிவேட்டுல இருக்கு பாருங்க." என் டிக்கை விரலால் தொட்டுக் காட்டினார்.

பாண்டி அப்போதுதான் நிமிர்ந்தார். "எனக்கு யாரும் சொல்லல."

என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"பாத்தியாடா, கேஸ் கீஸ் வந்துரும்னு இப்ப உக்காந்து கதை கட்டுறாக" என்றார் தவமணி. "சொல்லவே இல்லாததைச் சொன்னேம்பாகளாம், அதை நாம நம்பணுமாம்."

பாண்டி என்னிடம் மட்டும் சொன்னார், கோபமில்லாமல், அதுதான் தாங்கவில்லை: "நூறு கொட்டையக் கொட்டுனீங்க மேடம். ஒவ்வொண்ணுக்கும் ஒதுக்கி ஒதுக்கிக் காட்டுனீங்க. இந்த ஆப்பரேஷனுக்கு ஒண்ணக்கூட நீங்க எடுக்கல. அம்புட்டும் அப்படியே கெடந்துச்சு. அதைப் பாத்துத்தான் நான் படுத்தேன்."

உண்மைதான். இருப்பதிலேயே நம்பகமானது இதுதான். பெருமையில் ஒரு கொட்டையைக்கூட நகர்த்தவில்லை. அந்த நூறு கொட்டையும் இப்போது மு.வுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

வாசலில் தவமணி மு.விடம்: "நீ பழங்காநத்தத்துல ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போ. புள்ளைக எங்ககிட்ட இருக்கட்டும். அதைக் கலைச்சுட்டு வா, அப்பறம் பேசுவோம்." பாண்டி வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றார். அவள் அழவில்லை. ஸ்கேன் கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். நல்ல மனுஷி. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "வசந்தி, டிக் இருக்கு. அதோட நில்லுங்க. என்கொயரின்னு வந்தா போறது நீங்கதான். உங்களுக்கு வேற யாரு இருக்கா?"

யாருமில்லை. அவர் அக்கறையில்தான் கேட்டார்.


ஆகஸ்ட் 8, ஆடி வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். தலைவலி என்றேன். தலை நன்றாகத்தான் இருக்கிறது.

தெருவில் மைக் செட். காலை ஆறிலிருந்து அம்மன் பாட்டு. வீட்டுக்கார அம்மா ஒரு தூக்கில் கூழ் கொண்டுவந்தார். "ஒரு ஆளுக்கு இம்புட்டுப் போதும்ல?" போதும். முருங்கைக்கீரையும் கொஞ்சம். நின்று பேசுவார் என்று நாற்காலியைத் துடைத்து வைத்தேன். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு மு. போன். பழங்காநத்தத்திலிருந்து. பின்னால் தையல் மெஷின் சத்தம்; வேலைக்குப் போயிருக்கிறாள்.

"கம்பெனிக்கு வரலைன்னா, அதுக்கும் ஒரு பேச்சு வரும் மேடம். அத்தை அப்பவே சொன்னாகளாம், தையக் கம்பெனிக்கு அனுப்பாதன்னு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்பு கெடக்கு. சின்னவ போன்ல அழுகுறா. எங்கம்மாவும் கலைச்சிரு, கலைச்சிருங்குறா. எனக்கும் இந்தப் புள்ள வேணாம் மேடம். மூணாவது தடவ வயித்தக் கிழிச்சா நான் எந்திரிக்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீக? ஆனா இப்பக் கலைச்சா, தப்புப் பண்ணேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. அதுக்குப் பெறகு எம் புள்ளைக முகத்துல எப்படி முழிப்பேன்?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "பார்ப்போம்" என்று சொல்லியிருப்பேன். அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இருபது வாரம் தாண்டினால் சிக்கல் கூடும். இன்று பதினேழு வாரம், ஒரு நாள்.

மத்தியானம் முழுக்க ஒரு கணக்கு. டிக் போட்டது நான். நான் அப்படியே இருந்தால் வேலை இருக்கும். அவளுக்குக் குடும்பம் இருக்காது. போய்ச் சொன்னால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். நாற்பத்தொரு வயதில் வேறு எங்கே போவது? வேலை போனால் காலையில் என்னை யாரும் "மேடம்" என்று கூப்பிட மாட்டார்கள். சம்பளத்தைவிட அதுதான் பயமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

கூழ் மிச்சம்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

போய் வந்தேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி பஸ். ஜன்னல் சீட். செக்கானூரணி தாண்டி இறங்கி, இருபது நிமிடம் நடை. இரண்டு பக்கமும் காய்ந்த கரம்பை நிலம், நடுவில் பூச்செடி போட்ட ஒரே ஒரு வயல். கைப்பையில் பொட்டலம். எவனாவது வழிப்பறி செய்திருந்தால் ஏமாந்து போயிருப்பான்.

பேச்சியம்மாள் வாசலில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவள் என்னைப் பார்த்ததும், "எங்கம்மா வந்துருச்சா?" என்று ஓடிவந்தாள். இல்லையென்று தெரிந்ததும் பாதியிலேயே நின்றாள்.

பாண்டி, தவமணி, பேச்சியம்மாள். நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைக்கத் தோன்றும்.

சொன்னேன். அன்று என் வாயில் வராத சொல்லெல்லாம் இன்று வந்தது. விந்து, ஆணுறை, சேர்க்கை, மூன்று மாதம். பேச்சியம்மாள் பூவைக் கீழே போட்டுவிட்டார்.

"இந்தப் பேச்சப் பேசத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா? பொம்பளதான நீங்க?"

"ஆமாம்மா. இதைப் பேசுறதுதான் என் வேலை. அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு பேசாம விட்டுட்டேன். பேசியிருந்தா உங்க மருமக இன்னைக்கு இங்க இருப்பா."

தவமணி: "டாக்டர் சொன்னோம்ங்குறாக, நீங்க சொல்லலைங்குறீக. எதை நம்புறது?"

"டிக் போட்டது நான். சொல்லாம போட்டேன். டாக்டரம்மா அந்த டிக்கை நம்பினாங்க. தப்பு என்னோடது."

பொட்டலத்தைப் பாண்டியிடம் கொடுத்தேன். செய்தித்தாளில் மார்ச் 12 என்று தேதி. பிரித்தார். ஆணுறைகளை அப்படியே மறுபடி மூடினார், அம்மா இருக்கிறாரே. கார்டை மட்டும் எடுத்தார். மேலே அவர் பெயர், என் கையெழுத்து. கீழே அச்சில் மூன்று மாதம். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"இது... நான் பெஞ்சுக்கு அடியில போட்டது."

"ஆமா."

"அன்னைக்கே ஏன் மேடம் சொல்லல?"

"உங்க அம்மா நின்னாங்க."

"எங்கம்மாவுக்கு நான் பயப்படுறேன், சரி. நீங்களுமா?"

சிரிக்கும்படியாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"எழுதித் தருவீகளா?" என்றார் தவமணி. பெரியவளின் ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். மூன்று மாத எச்சரிக்கையை நான் சொல்லவில்லை. சொன்னதாகப் பதிந்தது பொய். ஆறாம் வாரத்தில் கரு உண்டானது மருத்துவப்படி இயல்பு. முத்துலட்சுமி மேல் எந்தக் குற்றமும் இல்லை. பெயர், தேதி, கையெழுத்து. தவமணி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

பாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பழங்காநத்தம் பக்கம்தான் என்று தெரிந்தது. என்னையும் ஏற்றிக்கொள்வார் என்று ஒரு நொடி நினைத்தேன். தூசிதான் வந்தது. பேச்சியம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நியாயம்தான்.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்ததும் பழையபடி கனத்துவிட்டது. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் போலிருந்தது. சரசுவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதிக் கொடுத்ததை நானே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கேட்க மாட்டீங்களே" என்றார். மத்தியானம் மெமோ. மூன்று நாளில் பதில் தர வேண்டும். பதில் ஒரு வரி: உண்மை. இந்த மாத இறுதிவரை வேலை பார்க்கலாம். அதற்குமேல் புதுப்பிப்பு இல்லை என்று வாய்மொழியாக.

வந்தவர்கள் 9. காப்பர் டி 1, ஊசி 3, மாத்திரை 1, கேட்டுவிட்டுப் போனவர்கள் 4. ஊசிக்கு வந்த ஒருத்தி: "காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிக்கிருமாம்ல?" ஏறாது என்று படம் போட்டுக் காட்டினேன். ஊசிக்கு நாலு கொட்டையைத் தள்ளியபோது முதல்முறையாக யோசித்தேன்: இந்த நாலு பேரில் எத்தனை பேருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி தப்பாமல் வரணும் என்று என்னைப் போல எவளோ எடுத்துச் சொல்லாமல் விட்டிருப்பாள்? அதற்கு அட்டையில் கணக்கு இல்லை.

புது டப்பா வாங்கவில்லை. இனி எதற்கு?


ஆகஸ்ட் 14, வியாழன்

பாண்டி போன். இந்த முறை அவருடைய சொந்த எண்ணிலிருந்து.

"கூட்டியாந்துட்டேன் மேடம். எங்கம்மாவும் வாய மூடிக்கிருச்சு. பெத்துக்கிருவோம்னு சொல்லிட்டேன். எம் புள்ளதான? ஆம்பளப் பயலா இருந்தாலும் இருக்கும்னு அம்மா இப்ப சந்தோசமா இருக்கு."

"முத்துலட்சுமி என்ன சொல்றா?"

"அவ என்னத்தச் சொல்லப்போறா. எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறா."

வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 16, சனி

மழை. கொடியில் கிடந்த ஒரே சேலையும் நனைந்தது. காஸ் தீர்ந்தது. பிரெட். டி.வி.யை ஓடவிட்டுச் சத்தத்துக்காக வைத்திருந்தேன். நாள் முழுக்க நான் பேசிய சொற்கள்: காஸ்காரரிடம் ஐந்து.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. காற்று நின்று புழுக்கம்.

கதவு திறக்கும் முன்பே பெஞ்சில் மு. தனியாக. பையில் மாற்றுச் சேலை, சோப்பு, டம்ளர்.

உள்ளே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். எட்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எல்லாம் குழறியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு தாளுல எழுதுனதும் நம்பிட்டாக. எட்டு வருசம் கூடக் கெடந்து நான் சொன்னதை நம்பல. எனக்கு உங்க மேலயும் கோவம்தான், மேடம். அவுக மேல அதவிட."

"கோபப்படுங்க."

"பெத்துக்கிருவோம்ங்குறாக. மன்னிப்புக் கேக்குறதுக்குப் பதிலா புள்ளையத் தாராகளாம்." குனிந்து பையின் வாரைச் சரி செய்தாள். "அன்னைக்குக் கலைச்சிருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி. இப்பக் கலைச்சா யாரும் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது."

"அவுக கையெழுத்து வேணுமே?"

"வேண்டாம். உங்க கையெழுத்து மட்டும் போதும். சட்டமே அதுதான்."

என்னை வெறித்துப் பார்த்தாள். "இதையும் யாரும் சொல்லல."

இன்று எதையும் விடவில்லை. பதினெட்டு வாரம் நான்கு நாள் என்பதால் வார்டில் படுக்க வேண்டிவரும்; வலி எப்படி வரும், எத்தனை நேரம் ஆகும், ரத்தம் எவ்வளவு போனால் உடனே கூப்பிட வேண்டும், அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம், மனதை மாற்றிக்கொண்டால் எந்த நேரம்வரை எழுந்து போகலாம். டாக்டரம்மாவும் வந்து தனியாக உட்கார வைத்துக் கேட்டார். அதே பதில்தான்.

"இதுக்கப்பறம் எனக்குன்னு எதுவும் போட வேணாமா மேடம்?"

"அவருக்குத்தான் சைபர் வந்துருச்சு. உங்களுக்கு எதுவும் தேவையில்ல."

"தேவையில்லதான். இனிமே ஒரு நாள் தள்ளிப்போனாலும் எனக்கு உசுரு போயிரும். ஆப்பரேஷன் அவுகளுக்கு, பயம் எனக்கு." கொட்டை டப்பாவை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். "காப்பர் டி போட்டுக்கிறேன்னு சொன்னா, உனக்கு எதுக்குடின்னு கேப்பாக."

பதினாலு வருஷமாக எந்த முறை எத்தனை பேருக்குக் கைகொடுக்கும் என்று தினமும் சொல்லி வருகிறேன். இவளுக்குப் பொருத்தமானது ஒன்றுகூட என் அட்டையில் கிடையாது.

சம்மதப் படிவம். அவள் கையெழுத்துப் போட்டாள். முத்து என்பதைப் பெரிதாக, லட்சுமியை இடம் போதாமல் நெருக்கி. கீழே "உடன் இருப்பவர்" என்று ஒரு வரி.

"யாரும் வரலியா? அம்மா?"

"யார்கிட்டயும் சொல்லல."

என் பெயரை எழுதினேன். அவள் தடுக்கவில்லை. அடுத்த கட்டம் "உறவுமுறை". பேனாவோடு அவள் முகத்தைப் பார்த்தேன். அக்கா என்று சொல்லமாட்டாளா என்று இருந்தது. மறைப்பானேன், ஆசையாக இருந்தது.

"அன்னைக்குச் சொல்லாம விட்டவுகன்னு போட எடம் இருக்கா?" என்றாள்.

"இல்ல."

வார்டிலிருந்து சரசு முத்துலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டாள். மு. எழுந்து பையை என் கையில் கொடுத்தாள். நான் "தெரிந்தவர்" என்று எழுதினேன். குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழிக்கச் சொல்லவில்லை.